விண்டோஸ் 11 ஏற்றியபின் லோகோவில் நிற்கும் கம்ப்யூட்டர்: பழையதுக்குத் திரும்புவதா, இருந்த இடத்தில் சரிசெய்வதா, ஃபார்மட்டா?

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு செய்த கம்ப்யூட்டர் லோகோவிலேயே நின்றுவிட்டால் சர்வீஸ் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஃபார்மட் என்றால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்; காரணம் தேட உட்கார்ந்தால் எப்போது எழுவோம் என்று தெரியாது. ஆனால் ஃபார்மட்டுக்குப் பிறகு மிஞ்சும் வேலை முழுவதும் நம் தலையில்தான் விழும். அந்த வேலையின் அளவை வைத்துத்தான் என் தேர்வு.

வழிகள் மூன்று. பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போவது. புரோகிராம், ஃபைல் எதையும் தொடாமல் இருந்த இடத்திலேயே சரிசெய்வது. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக ஏற்றுவது. என் ஓட்டு இரண்டாவதுக்கு. முதலாவதுக்குக் கெடு உண்டு என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால், எந்த வழியில் போனாலும் செய்தாக வேண்டிய இரண்டு காரியங்கள். ஒன்று, டிஸ்க்கின் உடல்நிலை. அப்கிரேடு என்பது பல ஜிபி அளவுக்கு எழுதும் வேலை. ஏற்கெனவே நலிந்திருந்த ஹார்ட் டிஸ்க் அந்த வாரம் பார்த்துப் படுத்துக்கொள்ளும், பழி விண்டோஸ் மேல் விழும். சேஃப் மோடிலோ (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் முறை, நுழையும் வழி கீழே), டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டியோ, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளிலும் "ரா வேல்யூஸ்" மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். அந்த நிலையில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை) ஓட்டுவது டிஸ்க்கை மேலும் படுத்தும். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிட சாட்டா கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ. 48 இலக்கம். நீங்கள் ஆன் செய்யாவிட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் ஆன லேப்டாப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். ரெக்கவரி திரையில் சேஃப் மோடுக்குள் நுழையும்போதும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) கை வைத்த பிறகும் அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸஸ் பக்கத்தில் இருக்கும். மொபைலில் திறந்து காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது

அப்கிரேடு ஆன நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். அதன்பின் சி டிரைவில் உள்ள விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை விண்டோஸே அழித்துவிடும். கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் (DISM) என்ற கட்டளையால் 60 நாள் வரை நீட்டிக்கலாம். அதையும் அந்த 10 நாளுக்குள்ளேயே செய்ய வேண்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் "பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்பதை டிக் செய்திருந்தால் இந்தக் கதவு ஏற்கெனவே மூடியாகிவிட்டது. அப்கிரேடுக்குப் பிறகு புதிதாகச் சேர்த்த யூசர் கணக்குகள் இருந்தால் அவற்றை முதலில் நீக்க வேண்டும்.

டெஸ்க்டாப் வந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். வரவில்லை என்றால் லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரெக்கவரி திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய் "ஃபீச்சர் அப்டேட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்கள் இருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும்.

நாளைக் காலையிலேயே வேலை நடந்தாக வேண்டும் என்றால் இதுதான் குறுக்குவழி. ஆனால் இது தவணை வாங்குவதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்தார்கள். அதே சிக்கலை மறுபடி சந்திக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 11-க்கு டிரைவரே வராத பழைய ஸ்கேனரோ கார்டோ உங்கள் தொழிலுக்கு அவசியம் என்றால் மட்டும் இது நிஜமான தீர்வு.

ஒரு எச்சரிக்கை: கீழே சொல்லப்போகும் ரிப்பேர் இன்ஸ்டால், பழைய விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை மாற்றி எழுதிவிடும். "ரீசெட் திஸ் பிசி"யும் திரும்பும் வழியை அடைத்துவிடும். திரும்புவதா இல்லையா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இருந்த இடத்தில் சரிசெய்வது

எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி விடை. கம்பெனி லோகோ மட்டும் தெரிகிறது, கீழே சுழலும் புள்ளிகள் இல்லை என்றால் விண்டோஸின் டிரைவர்கள் இன்னும் களத்துக்கே வரவில்லை. யுஎஸ்பியில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும், பிரின்டர், பென்டிரைவ், வெப்கேம், கார்டு ரீடர் எல்லாம், கழற்றிவிட்டுப் பாருங்கள். பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட் வந்திருந்தால் இதுதான் அதற்கான நேரம்.

புள்ளிகள் சுழன்று, நடுவழியில் அசையாமல் நின்றால் சந்தேகம் டிரைவர் மேல். அப்கிரேடு உங்கள் பழைய டிரைவர்களையும் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது: கிராஃபிக்ஸ், இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ், ஆன்டிவைரஸின் ஃபில்டர் டிரைவர். இந்த மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். உறைந்த நேரத்தில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. மாறாவிட்டால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்து நின்றுவிட்டது. டிரைவர் அல்லது ஹார்டுவேர். ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் அணைத்துவிடாதீர்கள். எஸ்எஸ்டி இல்லாத பழைய மெஷினில் அப்கிரேடுக்குப் பின் வரும் முதல் பூட் அரைமணி நேரம்கூட இழுக்கலாம்.

லாகின் ஆனபின் கருப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும் என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும். ஒரு பீப் சத்தத்தோடு டெஸ்க்டாப் வந்துவிட்டால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. டெஸ்க்டாப் வந்து டாஸ்க்பார் மட்டும் அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டப் புரோகிராம்கள். எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவியில் சர்வீசஸ் பக்கம் போய், மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு மற்றவற்றை அணையுங்கள். பிறகு பாதிப் பாதியாக ஆன் செய்துகொண்டே வந்தால் சிக்கிவிடும்.

எல்லாருக்கும் தெரிய வேண்டிய, ஆனால் பலர் செய்யாத சோதனை ஒன்று இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது, ஷட்டவுன் செய்து காலையில் போட்டால் நிற்கிறது. இப்படி நடந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைத்தான் பிடிக்க வேண்டும். ஷட்டவுன் என்று நாம் நினைப்பது உண்மையில் முழு ஷட்டவுன் இல்லை. கெர்னலையும் டிரைவர்களின் நிலையையும் ஹைபர்நேஷன் ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப ஏற்றுகிறது. அப்படித் திரும்ப எழத் தெரியாத டிரைவர் ஒன்று இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில் அந்த ஃபைலைத் தொடுவதில்லை, எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்று போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்கள். முன்பு எடுத்திருந்தாலும் அப்கிரேடுக்குப் பின் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்எஸ்டி மெஷினில் இதை அணைப்பதால் கூடும் நேரம் சில விநாடிகள்தான்.

சேஃப் மோடில் ஒழுங்காக வந்தால் (ரெக்கவரி திரையில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், பிறகு 4 அல்லது எஃப்4) பாதி நிம்மதி. ஹார்டுவேர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே பின் எண்ணை சில சமயம் ஏற்காது, கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். டிவைஸ் மேனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டை டிஸேபிள் செய்துவிட்டு சாதாரணமாகப் பூட் செய்யுங்கள். வந்துவிட்டால் டிரைவரை நீக்கி, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரியதை ஏற்றுங்கள். நீக்கும் முன் இன்டர்நெட்டைத் துண்டித்து வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் எடுத்த அதே டிரைவரை விண்டோஸ் அப்டேட் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். ஆன்டிவைரஸ் மேல் சந்தேகம் என்றால் அதே கம்பெனி தரும் ரிமூவல் டூலை வைத்து நீக்குங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் ஓடாது என்பதால் வழக்கமான அன்இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும்.

எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரையும் (அதன் உள்ளேயே ஓடும் மென்பொருள்) மறக்க வேண்டாம். 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 வெர்ஷன் வெளியானபோது டபிள்யூடி பிளாக் எஸ்என்770 போன்ற, சொந்த டிராம் (தற்காலிக நினைவகம்) இல்லாமல் கம்ப்யூட்டரின் ரேமைக் கடன் வாங்கும் சில எஸ்எஸ்டிகளில் நீலத்திரை வந்தது. ஃபர்ம்வேர் அப்டேட்தான் அதைத் தீர்த்தது. எத்தனை தடவை ஃபார்மட் போட்டிருந்தாலும் அது தீர்ந்திருக்காது.

இதிலும் பிடிபடாவிட்டால் ரிப்பேர் இன்ஸ்டால். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுவது. சிஸ்டம் ஃபைல்கள் முழுக்கப் புதிதாகும், புரோகிராம்கள் அப்படியே இருக்கும். நிபந்தனை, டெஸ்க்டாப் வரை வந்தாக வேண்டும். பென்டிரைவில் பூட் செய்தால் இந்த வசதி கிடையாது, சேஃப் மோடிலும் ஓடாது. சி டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்டு ஆப்ஸ்" என்ற வரி சாம்பல் நிறத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். லேப்டாப்பில் இருப்பது இன்டர்நேஷனல் இங்கிலீஷ், நீங்கள் இறக்கியது யுனைடெட் ஸ்டேட்ஸ் இங்கிலீஷ் என்ற அளவு வித்தியாசம் போதும், அது சாம்பலாகிவிடும். சரியான மொழியில் மறுபடி இறக்குங்கள். 22எச்2 முதலான வெர்ஷன்களில் (2024 பிப்ரவரி அப்டேட் ஏறியிருந்தால்) செட்டிங்ஸின் ரெக்கவரி பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட் வழியாக இதைச் செய்யும் "ரீஇன்ஸ்டால் நவ்" பட்டன் இருக்கிறது. இன்டர்நெட் நன்றாக இருந்தால் அதுவே சுலபம்.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்புகளில் இதே வரிசை அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மேலே சொன்னதெல்லாம் இன்டெல், ஏஎம்டி மெஷின்களுக்கு.

ஃபார்மட்

புது விண்டோஸ் ஏறுவது அரைமணி வேலை. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, ஆக்டிவேஷன் தானாக நடந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் கடை என்றால் டேட்டா ஃபோல்டரை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, துடைக்கும் முன் டாலிக்குள்ளேயே லைசென்ஸை சரண்டர் செய்ய வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கனுக்கு டிரைவர் மறுபடி. பிரின்டர், அதன் நெட்வொர்க் ஐபி மறுபடி. அவுட்லுக்கில் பழைய பாணியில் பாப் கணக்கு வைத்திருந்தால் மெயில் முழுவதும் பிஎஸ்டி ஃபைலில்தான் இருக்கும். அது மறைந்த ஃபோல்டரில் இருந்தால் டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பி செய்தவருக்கு மெயில் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆவணங்கள் இருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் குறியீடுகள்தான் தெரியும். வீட்டில் படம் பார்க்கும், பிரவுசர் மட்டும் திறக்கும் லேப்டாப்புக்கு இந்தப் பட்டியலில் ஒன்றும் கிடையாது. அங்கே ஃபார்மட் போட்டால் நான் தடுக்க மாட்டேன்.

ஃபார்மட்டே சரியான இடங்களும் உண்டு. வைரஸ் புகுந்த மெஷின், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடும் மெஷின், ரிப்பேர் இன்ஸ்டால் முடிந்தும் அதே இடத்தில் நிற்கும் மெஷின். அப்படிச் செய்யும்போது 8 ஜிபி பென்டிரைவோடு ஒரு டிரைவரும் தயாராக இருக்கட்டும். 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் விஎம்டி (டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆன் ஆகியிருந்தால் இன்ஸ்டாலர் "டிரைவ் எதுவும் இல்லை" என்று சொல்லும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு "லோடு டிரைவர்" கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தும் ஏற்றலாம். ஆனால் பின்னால் யாராவது பயாஸை டிஃபால்ட்டுக்கு மாற்றினால் விஎம்டி திரும்ப ஆன் ஆகி, விண்டோஸ் பூட் டிஸ்க்கைக் காணோம் என்று எர்ரர் திரை காட்டும். 24எச்2-ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிவைஸ் என்கிரிப்ஷனும் தானாகத் தொடங்கும். அப்போது உருவாகும் ரெக்கவரி கீ புதியது. முன்பு எழுதி வைத்த காகிதம் இனி செல்லாது.