தசைக்குக் கரண்டு வைக்கிற மிஷின் வாங்கலாமா? ரெண்டு மாசம் யூஸ் பண்ணவன் சொல்றேன்

கபடி ஆடப்போயி முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆயிருச்சு. கட்டு பிரிச்சுப் பாத்தா வலது தொடை சூம்பிப்போயி கெடக்கு, இஞ்ச் டேப்பு வச்சு அளந்தா இடதுக்கும் வலதுக்கும் 4 சென்டிமீட்டர் வித்தியாசம். தொடைய இறுக்குங்க தம்பின்னு பிசியோ மேடம் சொல்றாங்க, நானும் முக்குறேன், ஒண்ணும் அசையல. முட்டி வீங்கி இருக்குறப்ப நரம்பே அந்தத் தசைய அமத்தி வச்சிருமாம், அதனால மொத சில வாரம் கரண்டு வச்சு எழுப்பி விடணும்னாங்க. ஒரு சிட்டிங் 300 ரூவா, ஆட்டோ வேற, சரி வீட்லயே வச்சுக்கலாம்னு மேடத்துகிட்ட கேட்டுட்டு பனகல் ரோட்டு பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடைல மிஷின் வாங்குனேன், 2,800 ரூவா.

அங்கதான் மொத அடி. கடைக்காரர் குடுத்தது டென்ஸ் மிஷின். எல்லாம் ஒண்ணுதான் தம்பின்னாரு. ஒண்ணு கெடையாதுங்க! டென்ஸ் வலிய மறக்கடிக்க, சுறுசுறுன்னு இருக்கும் அம்புட்டுதான். ஈஎம்எஸ்னா தசை கண்ணு முன்னாடி சுருண்டு எந்திரிக்கணும். ரெண்டு நாள் வச்சுட்டு தொடை சும்மாவே கெடந்ததப் பாத்துத்தான் வெளங்குச்சு, திரும்பப் போயி சண்ட போட்டு மாத்திட்டு வந்தேன். பெட்டில ஈஎம்எஸ்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ரெண்டும் சேந்த மிஷினும் வருது.

மிஷின் நல்லாத்தான் இருக்கு, 9 வோல்ட் பேட்டரில ஓடுது (அம்மா மொத நாளே கரண்டு பில்லு எம்புட்டுடா வரும்னு கேட்டுச்சு). மேடம் செட் பண்ணிக் குடுத்தது 50 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 50 துடிப்பு), 300 மைக்ரோசெகண்ட் (ஒவ்வொரு துடிப்பும் நிக்கிற நேரம்), 10 செகண்ட் கரண்டு, 50 செகண்ட் ரெஸ்ட். இந்த ரெஸ்ட கொறைக்கக் கூடாது, நான் அவசரத்துக்குக் கொறச்சுப் பாத்தேன், அஞ்சாறு தடவைலயே தசை களச்சு இழுப்பு கொறைஞ்சிருச்சு. இன்னொண்ணு, மிஷின ஆன் பண்ணிட்டு செல்லு நோண்டிட்டு இருந்தா பாதி பலன்தான், கரண்டு இழுக்குறப்ப நம்மளும் சேந்து தொடைய இறுக்கணும். லேசா துடிச்சாப் பத்தாது, தாங்குற அளவுக்கு ஏத்தணும், ஏத்துறதும் கரண்டு ஓடுறப்பதான் ஏத்தணும், ரெஸ்ட்ல ஏத்துனா அடுத்த ரவுண்டு தூக்கிப் போட்டுரும்.

குறைன்னா கரண்டு ஏத்த தோல்ல ஒட்டுற பேடுதான். கூட வந்தது சின்ன பேடு, தொடைக்குப் பத்தல, ஓரத்துல ஊசி குத்துன மாதிரி எரிச்சல். பெருசு தனியா வாங்கி ஒண்ணு தொடையோட மேல்பகுதில வெளிப்பக்கம், இன்னொண்ணு முட்டிக்கு மேல உள்பக்கம் ஒட்டுனப்பறம்தான் தசை முழுசா எந்திரிச்சுச்சு. ஒரு நாள் அம்மா பாசத்துல தைலம் தேச்சு விட்ருச்சு, பேடு ஒட்டவே இல்ல, ஒட்டுன எடத்துல மட்டும் சுருக்குன்னு பிடிச்சுச்சு. தண்ணி வச்சு தொடச்சு காயவிட்டு ஒட்டுங்க, நம்மூரு வெயிலுக்கு வேர்வையும் சேத்துத் தொடைங்க. தையலுக்குப் பக்கத்துல எனக்கு மரத்துப்போயி இருக்கு, அங்க ஒட்டவே கூடாதுன்னு மேடம் மார்க்கர்ல வட்டம் போட்டு விட்டாங்க, சூடு தெரியாம தோலு வெந்துருமாம். பேட எடுக்குறதுக்கு முன்னாடி மிஷின ஆப் பண்ணிருங்க.

எங்க சித்தப்பாக்கு பேஸ்மேக்கர் வச்சிருக்கு. இடுப்பு வலிக்குதுடா, எனக்கும் ஒரு ரவுண்டு வையின்னு உக்காந்துட்டாரு. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல சித்தப்பான்னு பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டுனேன். பேஸ்மேக்கர், கால் ரத்தக்குழாய்ல ரத்த ஒறைவு, வலிப்பு, கேன்சர் இருக்கவுங்க, மாசமா இருக்கவுங்க இதெல்லாம் டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க. யாரா இருந்தாலும் கழுத்து முன்பக்கமும் நெஞ்சுக்குக் குறுக்கயும் வைக்கவே கூடாது. தொப்பை கொறையும்னு வயித்துல வைக்கிறவய்ங்களுக்கு, கொறையாது, நடைய கட்டுங்க.

ரெண்டு மாசத்துல வித்தியாசம் ஒண்ணரை சென்டிமீட்டருக்கு வந்துருச்சு. பாதி புண்ணியம் மிஷினுக்கு, பாதி காலைல நான் போட்ட எக்சர்சைஸுக்கு. மிஷினுக்கு 5-க்கு 4, கடைக்கு 2 குடுக்கலாம். பெரிய பேடு எல்லாக் கடைலயும் இருக்காது, போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க, நான் மூணு தடவ அலைஞ்சேன்.