புகைபிடிப்பதை நிறுத்தியவரின் முகத்துக்கு டிரெட்டினாயின் கிரீம்

பல ஆண்டுகள் புகைபிடித்து, பின்னர் அதை முற்றிலும் நிறுத்திய எனக்கு, கண்ணோரச் சுருக்கங்களுக்காகத் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது 0.025 சதவீத டிரெட்டினாயின் கிரீம். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இந்த மருந்து முதலில் முகப்பருவுக்காகவே விற்பனைக்கு வந்தது. சுருக்கங்களைக் குறைக்கும் தன்மை பின்னரே கவனத்துக்கு வந்தது.

சிகரெட் புகை, தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைக் குறைப்பதோடு, இருக்கும் கொலாஜனை அரிக்கும் எம்.எம்.பி.-1 என்ற நொதியையும் பெருக்குகிறது. நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோலுக்குச் செல்லும் ஆக்சிஜனும் குறைகிறது. வெயிலால் முதிர்ந்த தோலில் டிரெட்டினாயின் புதிய கொலாஜனைத் தூண்டி, அதே நொதியை அடக்குகிறது என்பது ஆய்வுகளில் தெளிவானது. ஆகவே, புகையைத் தொடர்ந்துகொண்டே இதைப் பூசுபவர் ஒரு கையால் கட்டி மறு கையால் இடிக்கிறார் என்பதே என் உறுதியான கருத்து.

இரவில் முகத்தைக் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். தொடக்க வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து, தோல் மெல்லிய செதிலாக உரிந்தது. மருத்துவர் சொன்னபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசியபின் எரிச்சல் தணிந்தது. பகலில் சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே போகக் கூடாது.

பலன் தெரியச் சில மாதங்கள் பிடித்தன. கண்ணோர நுண்கோடுகள் மென்மையாயின. சாம்பல் பூத்த முகநிறமும் தெளிந்தது, ஆனால் இதில் புகையை நிறுத்தியதற்கே பெரும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். சிகரெட்டை உறிஞ்ச உதட்டைக் குவித்துக் குவித்து மேலுதட்டின் மேல் விழுந்த செங்குத்துக் கோடுகள் மட்டும் ஆழம் குறையவே இல்லை. கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளிலும் மாற்றமில்லை. அமெரிக்காவின் ஒஹாயோவில் 79 இரட்டையர் இணைகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்விலும், அதிகம் புகைத்தவரிடம் கூடுதலாகக் காணப்பட்டவற்றுள் கண்ணின் கீழ்ப்பைகளும் உதட்டுச் சுருக்கங்களும் அடங்கும்.

விளம்பரங்களில் வரும் சீரம்களோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. புகையை விட்டுவிட்ட, மாதக்கணக்கில் பொறுமை காக்கக்கூடிய எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.