டைனோசர் இருக்கட்டும், முதலில் ஓநாயைப் பாருங்கள்

நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிற எல்லாரும் நேரே நான்காம் மாடிக்கு, டைனோசரைப் பார்க்க ஓடுகிறார்கள். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கீழே வட அமெரிக்கப் பாலூட்டிகள் கூடத்தில் ஓநாய் டயோராமா இருக்கிறது. டயோராமா என்றால், கண்ணாடிக்குப் பின்னால் பதப்படுத்திய விலங்குகளையும் வரைந்த பின்சுவரையும் சேர்த்து அமைத்த காட்சி. அந்தக் கட்டடத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

மினசோட்டாவில் கன்ஃப்ளின்ட் ஏரிப் பக்கம். இரவு, எங்கும் பனி, வானத்தில் வடதுருவ ஒளி. இரண்டு ஓநாய்கள் ஓடி வருகின்றன. பனியில் அவற்றின் கால்தடங்களைக்கூட மறக்காமல் பதித்திருக்கிறார்கள். சரி, ஓநாயைப் பார்த்தாயிற்றா? இப்போது பின்சுவரைப் பாருங்கள். தரையில் கொட்டிய பனி எங்கே முடிகிறது, வரைந்த பனி எங்கே தொடங்குகிறது? நானும் தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. வரைந்தவர் ஜேம்ஸ் பெர்ரி வில்சன், கட்டடக்கலை படித்தவர். சுவரோ வளைந்தது, அதில் சாதாரணமாகக் கோடு போட்டால் பார்ப்பவருக்குக் கோணலாகத் தெரியும். அதனால் நாம் நிற்கும் இடத்தைக் கணக்கில் வைத்துக் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்தின்படி வரைந்தார். ஆகவே நடுவில் நின்று பாருங்கள். பக்கவாட்டில் போனால் மாயம் கொஞ்சம் கலையும்; அதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம், சுவாரசியமாக இருக்கும்.

அடுத்து, இதே அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடம். 1936இல் திறந்த அதில் 28 டயோராமாக்கள், நடுவே எட்டு யானைகள். இதைக் கனவு கண்ட கார்ல் ஏக்லி, தோலுக்குள் வைக்கோல் திணிக்கும் பழைய முறையை விட்டு, களிமண்ணில் தசையெல்லாம் செதுக்கி, அதிலிருந்து வார்த்த உருவத்தின் மேல் தோலைப் போர்த்தியவர். கொரில்லாக்களைச் சுட்டுக் கொண்டுவந்தவரும் அவரே. அவற்றுக்காக, அப்போது காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் மன்னரிடம் பேசி 1925இல் அங்குள்ள கொரில்லா மலைகளில் தேசியப் பூங்கா அமையக் காரணமானவரும் அவரே. மறு வருடம் அந்த மலைகளிலேயே இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். கொரில்லா டயோராமாவில் இருப்பது அந்த மலைக்காடுதான். இது தெரிந்தபின் அந்தக் கண்ணாடி முன்னால் ரசித்துக்கொண்டு மட்டும் நிற்க முடியவில்லை.

கூடங்கள் இருட்டாக இருக்கும், கண் பழகட்டும். ஃபிளாஷ் போட்டால் படத்தில் உங்கள் முகம்தான் விழும். வட அமெரிக்கக் கூடத்தில் வெளுத்துப்போன ரோமங்களுக்கு 2012 வாக்கில் மறுபடி சாயம் ஏற்றி, விளக்குகளையும் மாற்றியிருக்கிறார்கள். அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. தெற்காசியக் கூடம் 1930இல் திறந்தது, இவற்றைவிடப் பழசு. நேரம் மிஞ்சினால் மயிலைப் பிடித்த சிறுத்தையை மட்டுமாவது எட்டிப் பாருங்கள்.