திருகோணமலையில் வலைப்பூ செய்து தருகிறோம் என்று காசு வாங்குபவர்களிடம் கவனம்

கன்னியா வெந்நீரூற்று, தம்பலகாமத்து வயல்கள் என்று இரண்டு வருடமாக எழுதிச் சேர்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வலைப்பூ இப்போது திறக்கவில்லை. முகவரியைத் தட்டினால் விளம்பரப் பக்கம்தான் வருகிறது. செய்து கொடுத்தவர் "சேர், நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்று சொல்லி 40,000 ரூபா வாங்கியவர். புதுப்பிக்க இன்னும் 35,000 கேட்கிறார்.

அந்த வலைப்பூ இருப்பது புளொக்கரில். புளொக்கர் 2003 முதல் கூகுளின் கையில் இருக்கும், ஒரு சதமும் கேட்காத தளம். பற்றுச்சீட்டில் "ஹோஸ்டிங்" (தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கான வாடகை) என்று போட்ட தொகைக்கு அங்கே வேலையே இல்லை. உண்மையான செலவு டொமைன், அதாவது தளத்தின் சொந்த முகவரிப் பெயர், மட்டும்தான். டொட் கொம் பெயர் ஒன்றுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 10 முதல் 20 டொலர் போகும். அந்தப் பெயரும் கூகுள் கணக்கும் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலிலேயே இருக்கின்றன. அநியாயம் இதுதான்.

டொமைன் உரிமையாளர் கேட்டால், அதை விற்ற பதிவு நிறுவனம், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான மாற்றக் குறியீட்டை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. உரிமையாளர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தால் அந்த விதி உங்களுக்கு உதவாது. காலாவதியான டொட் கொம் உடனே கைவிட்டுப் போவதுமில்லை. நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழமையான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகக் கட்டவேண்டும். கடைசி 5 நாளில் எதுவும் செய்ய முடியாது, அதன்பின் யாரும் வாங்கலாம்.

ஆனால் டொமைன் போனாலும் புளொக்கரில் எழுத்து அழியாது. புளொக்கர் இலவசமாகத் தந்த பழைய பிளொக்ஸ்பொட் முகவரி செத்த டொமைனுக்குத் திருப்பி அனுப்புவதால்தான் எல்லாம் போய்விட்டதுபோல் தெரிகிறது. அமைப்புகளில் அந்த டொமைனை நீக்கினால் பிளொக்ஸ்பொட் முகவரியில் மீண்டும் திறக்கும். இதை நிர்வாகிதான் செய்யலாம். ஆகவே செய்து கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகாமல், முதலில் உங்கள் ஜிமெயிலை எழுத்தாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பை ஏற்றதும் உங்களை நிர்வாகியாக்கச் சொல்லி, உள்ளே போன கையோடு காப்புப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டங்களும் வரும், படங்களின் இணைப்பு மட்டுமே வரலாம். படங்கள் வராவிட்டால் தனியாக எடுக்கவேண்டும். அவர் மறுத்தால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைத் தேடுங்கள். முழுதாக இல்லாவிட்டாலும் சில பக்கங்களாவது அகப்படலாம்.

இன்னொரு கெடுதலும் நடந்திருக்கிறது. அந்த வலைப்பூவில் பழைய கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்த பழைய எழுத்துரு. பாமினியில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வாசகரின் கைத்தொலைபேசியில் அதுதான் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றியபின்தான் ஏற்றவேண்டும். மாற்றியதை ஒருமுறை வாசித்தும் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை புளொக்கர்தான். சொந்த டொமைனை இலவசமாக இணைக்கலாம், முகவரிக்கு அருகே பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுக்குறியும் இலவசம். இன்னொரு வலைப்பூத் தளமான வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசத் திட்டத்தில் அவர்களின் விளம்பரம் வரும், சொந்த டொமைனுக்குக் காசு கட்டவேண்டும். வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தனி ஹோஸ்டிங்கில் போட்டால் சுதந்திரம் அதிகம். ஆனால் இற்றைப்படுத்தலும் பாதுகாப்பும் உங்கள் தலையில். மாதம் ஒருமுறை பார்க்க நேரமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

புளொக்கரில் ஒரு சின்ன விடயம்: தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரி "புளொக் போஸ்ட்" என்றும் ஓர் எண்ணுமாக விழும். வெளியிடுமுன் நிரந்தர இணைப்பில் ஆங்கில எழுத்தில் நீங்களே ஒரு சொல் கொடுங்கள்.

யாரிடமாவது வேலை கொடுத்தால் ஜிமெயிலையும் டொமைனையும் உங்கள் பெயரில், உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தோடு முதலில் திறந்துகொள்ளுங்கள். அவரை வேலை முடியும்வரை மட்டும் நிர்வாகியாகச் சேர்த்து, காப்புப் பிரதியை உங்கள் கணினியில் இறக்கிப் பார்த்தபின் மீதிக் காசைக் கொடுங்கள்.