பில்லில் நடந்த பராமரிப்பு டிரெய்லரில் நடக்கவில்லை: ஓர் எச்சரிக்கை

டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வைத்திருப்பவர்களும், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுப் பராமரிப்புக்காக எங்கள் டிரெய்லரை ஒரு பணிமனையில் விட்டேன். கேட்ட பணத்தை முழுவதுமாகக் கொடுத்தேன். செய்யாத வேலைகளைச் செய்ததாக எழுதிய பில் ஒன்றை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பில்லை நம்பி மலைச்சாலையில் இறங்கியபோது என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருந்தார்கள். பணம் போனதைவிட அதுதான் என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பணிமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இப்படி வேலை செய்யும் இடம் அது ஒன்றுதான் என்றும் நான் நினைக்கவில்லை.

எங்களுடையது இரட்டை அச்சு கொண்ட டிரெய்லர். பொருள்களும் தண்ணீரும் ஏற்றிய நிலையில் சுமார் 2,700 கிலோ. 2024-இல் அதைப் பராமரிப்புக்கு விட்டபோது பில்லில் நான்கு வேலைகள் இருந்தன. நான்கு சக்கரங்களின் பேரிங்குகளையும் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கிரீஸ் நிரப்பி, கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் பின்பக்க சீல்களை மாற்றியது முதல் வேலை. மின் பிரேக்குகளைச் சோதித்துச் சரிசெய்தது இரண்டாவது. கூரையின் இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டைப் புதுப்பித்தது மூன்றாவது. நான்கு புதிய டயர்கள் போட்டது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் நேராகக் கூலியும் பொருள் விலையும் தனித்தனியே குறிக்கப்பட்டு, கடைசியில் ஒரு கையெழுத்தும் இருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு ஒழுங்கான பில் அது.

புறப்படுவதற்கு முன் என் பங்குக்குச் செய்ய வேண்டியதை நான் செய்திருந்தேன். எடை மேடைக்குக் கொண்டுபோய், வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சின் மேல் விழும் எடை ஏறக்குறைய 340 கிலோ என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதாவது மொத்த எடையில் 12 முதல் 13 சதவீதம். இவ்வகை டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பார்கள். அதற்குக் குறைந்து பின்பக்கம் பாரம் கூடினால், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கிவிடும். அன்று மலைச்சாலையில் டிரெய்லர் அலையாமல் நேராக வந்ததற்கு இந்த ஒரு காரணத்தைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இறக்கத்தில் நான்காவது வளைவைத் தாண்டியபோது பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதை உணர்ந்தேன். எரிந்த நாற்றமும் வந்தது. பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல டிரெய்லர் வண்டியை அழுத்திக்கொண்டே வந்தது. வண்டிக்குள் இருந்த பிரேக் கன்ட்ரோலரில் அளவைக் கூட்டினேன். எண் உச்சத்தில் நின்றதே தவிர, டிரெய்லர் பிடித்து நிறுத்தும் உணர்வு கொஞ்சமும் இல்லை. கியரைக் குறைத்து, இஞ்சினின் இழுவையிலேயே வேகத்தை அடக்கி, சாலையோரம் அகன்றிருந்த ஓர் இடத்தில் ஒருவழியாக நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தபோது வண்டியின் முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. டிரெய்லரின் சக்கரங்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். இவ்வளவு நீண்ட இறக்கத்தில் பிரேக் வேலை செய்திருந்தால் கையை அருகில் வைக்கவே முடியாத அளவுக்கு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்கள் கொதித்திருக்க வேண்டும். நான்கில் மூன்று வெதுவெதுப்பாகக்கூட இல்லை. வலப்புறப் பின்சக்கரத்தின் உட்புற விளிம்பில், மையத்திலிருந்து வெளிநோக்கிச் சிதறிய கோடுகளாகக் கிரீஸ் படிந்திருந்தது.

கன்ட்ரோலரில் தெரியும் எண்ணைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே அதைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். அந்த எண், டிரெய்லரின் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்பப்படுகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. மின்சாரம் போனதும் டிரம்முக்குள் இருக்கும் காந்தம், சுழலும் டிரம்மின் முகத்தோடு ஒட்டி, ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அது பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. காந்தம் சரியாக இழுத்தாலும் ஷூவில் கிரீஸ் ஊறியிருந்தால் பிடிமானம் இருக்காது. கன்ட்ரோலர் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் இருந்த இடத்துக்கே வந்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். வயதில் பெரியவர், அதிகம் பேசாதவர். முதல் சக்கரத்தைக் கழற்றி, நடுவில் இருந்த மூடியை எடுத்ததும், பளபளப்பான சிவப்புக் கிரீஸ் மேலே நிறைந்திருந்தது. நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன். அவர் அந்தக் கிரீஸைத் துணியால் வழித்துவிட்டு, நட்டைப் பூட்டியிருந்த காட்டர் பின்னைச் சுட்டிக்காட்டி, “இதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்” என்றார். பின் முழுவதும் துருப்பிடித்து, வளைந்த இடத்தில் துரு செதில்செதிலாக நின்றது. பேரிங்கை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பின்னை நிமிர்த்தி உருவித்தான் ஆக வேண்டும். உருவிய பின்னை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் வழக்கம். “இந்தப் பின்னை யாரும் தொட்டு வருஷக்கணக்காகிறது. தொடாமல் பேரிங் எப்படி வெளியே வந்திருக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நடந்தது என்னவென்று பிறகு விளக்கினார். இப்போதைய அச்சுகள் பலவற்றில், நடு மூடியின் ரப்பரைத் தூக்கினால் கிரீஸ் செலுத்தும் சிறு வாயான நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், கிரீஸ் முதலில் உட்புறப் பேரிங்குக்குப் போய், அங்கிருந்து வெளிப்புறப் பேரிங் வழியாக முன்னால் வரும். சக்கரத்தைத் தூக்கிவைத்து, சுழற்றிக்கொண்டே, மெதுவாக அடித்தால் ஓரளவு பயன் உண்டு. அப்போதும் அது பேரிங்கைக் கழற்றிக் கழுவி, உருளைகளில் பொத்தலோ வெப்பத்தால் வந்த நீலமோ இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஈடாகாது. பணிமனையில் செய்தது அதுகூட இல்லை. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே கன்னை வைத்து வேகமாக அழுத்தியிருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. கிரீஸ் முன்னால் வருவதற்குப் பதில் பின்பக்கச் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் இறங்கிவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் மையப் பகுதியான ஹப்பை முழுவதுமாக வெளியே இழுத்தபோது முன்பக்கம் சிவப்பாகவும், உள்ளே நடுப்பகுதியில் பழைய கிரீஸ் கருத்துத் தார் போலவும் இருந்தது. ஷூக்களை விரலால் தொட்டால் விரல் வழுக்கியது. நான்கு சக்கரங்களிலும் இதே கதை. மூன்றில் பிரேக் அடியோடு செத்திருந்தது.

கிரீஸ் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், துவாரங்களில் ஊறியது சூடேறும்போது மறுபடி மேலே வரும். எனவே நான்கு பிரேக்குகளையும் முழுத் தொகுப்பாக மாற்றி, பேரிங்குகளில் இரண்டையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பணிமனைக்குக் கொடுத்ததை விட அதிகமாக இன்னொரு முறை செலவு செய்தோம். பயணமும் அங்கேயே முடிந்தது.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரங்கள் கழற்றிக் கிடந்தபோது உட்புறச் சுவரில் 2218 என்று முடியும் எண்ணைப் பார்த்தேன். கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஆகவே எங்கள் ‘புதிய’ டயர்கள் 2018-இன் 22-ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை. ஆறு ஆண்டுகள் எங்கோ கிடந்த டயர்களைப் புதியவை என்று விற்றிருக்கிறார்கள். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதைவிட ரப்பர் முதிர்ந்து சாவதே அதிகம். டயரின் மேற்பரப்புப் பள்ளங்களான பூவரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுபவர்கள் பலர். தேதி எண் முழுமையாகப் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கிப் போடப்பட்டிருந்தால் குனிந்து விளக்கடித்துத்தான் பார்க்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் நான் அந்தச் சிரமத்தைப் பட்டிருக்க வேண்டும்.

கூரை விஷயம் இரண்டு மாதம் கழித்து வெளிப்பட்டது. தொடர்ந்து மழை பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு, முன்பக்க மூலையில் இருந்த மேல் அலமாரியில் என் மகள் வைத்திருந்த துணிகளில் பூஞ்சை நாற்றம் வந்தது. அலமாரியைக் காலி செய்து சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே இறங்கியது; எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்த்தால், முன்விளிம்பு நெடுகவும் காற்றுப்போக்கியைச் சுற்றியும் வெள்ளை வெளேரென்று புதுப்பூச்சு இருந்தது. ஒரு முனையை நகத்தால் நெம்பியதும் அரை மீட்டர் நீளத்துக்கு ரிப்பன் போல உரிந்து கையோடு வந்துவிட்டது. அது சாதாரண சிலிக்கோன். அதற்கடியில் வெடித்துப்போன பழைய சீலன்ட், வெடிப்புகளில் அழுக்கு, ஒரு திருகின் தலையைச் சுற்றித் துருவின் வளையம், எல்லாம் அப்படியே இருந்தன.

எங்களுடையது ரப்பர் விரிப்புக் கூரை. இவ்வகைக் கூரையில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. அதைவிடக் கெடுதல், சிலிக்கோனின் மிச்சம் இருக்கும் இடத்தில் பிறகு சரியான சீலன்ட்டைப் போட்டாலும் அதுவும் பிடிக்காது. செய்ய வேண்டியது, வெடித்த பழையதைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, கூரைக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்டிருக்கும், தானாகவே பரவிச் சமமாகும் சீலன்ட்டை ஊற்றுவது. அரை நாள் வேலை. அவர்கள் செய்தது அரை மணி நேர வேலை. பூசாமலே விட்டிருந்தால்கூட வெடிப்புகள் என் கண்ணில் பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. புதிதாகப் பூசியிருக்கிறதே என்ற நம்பிக்கையில்தான் அந்த முறை ஏறிப் பார்க்கவில்லை. நீர் புகுந்த டிரெய்லரில் சேதம் தெரியும்போது சட்டமரம் பெரும்பாலும் ஏற்கெனவே உளுத்திருக்கும். எங்கள் முன்மூலையில் இரண்டு மரங்கள் கையால் பிய்க்கும் நிலைக்கு வந்துவிட்டன. வெளிச்சுவரின் கண்ணாடியிழைத் தகடும் ஒட்டுவிட்டு உப்பத் தொடங்கியிருக்கிறது.

புகைப்படங்களோடு பணிமனைக்குப் போனேன். கிரீஸ் கசிவது இயல்புதான் என்றார் மேலாளர். சீல் பழையதாக இருந்தால் அப்படி ஆகும் என்றார். புதிய சீல் போட்டதாகத்தானே பணம் வாங்கினீர்கள் என்று பில்லைக் காட்டியதும், வேலை செய்த ஆள் இப்போது இங்கே இல்லை என்றார். கழற்றிய பழைய சீல்கள் எங்கே என்று கேட்டதற்குக் குப்பையில் போட்டாயிற்று என்ற பதில். கடைசியில், கூரைக் கூலியை மட்டும் திருப்பித் தருகிறோம், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று இதில் கையெழுத்திடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள். தயவுசெய்து அப்படிப்பட்ட தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம். நான் இடவில்லை. கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால் வங்கியில் மறுப்புப் பதிவு செய்தேன். மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கையும் புகைப்படங்களும் இருந்ததால் பேரிங், பிரேக், டயர் ஆகியவற்றின் தொகை திரும்ப வந்தது.

இதன் பிறகு டிரெய்லரை எந்தப் பணிமனையில் விடுவதற்கு முன்பும் சிலவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுகிறேன். கழற்றிய பழைய சீல்களையும் காட்டர் பின்களையும் ஒரு பையில் போட்டுத் தர வேண்டும். ஹப் வெளியே இருக்கும் நிலையில், அச்சின் நுனி தெரியும்படி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு புகைப்படம் வேண்டும். கூரையில் பயன்படுத்திய சீலன்ட்டின் காலிக் குழாய்களை வைத்திருக்க வேண்டும். உண்மையாக வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் ஏதும் இல்லை; முகம் சுளித்த ஓர் இடத்திலிருந்து டிரெய்லரை அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். திரும்ப எடுக்கும்போது, ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் நகர்த்திப் பாருங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது இருக்கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால் முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை முறுக்குமானி கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கூரைச் சேதத்துக்கான புகார் இன்னும் முடியவில்லை. டிரெய்லரின் முன்மூலை திறந்த நிலையில், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. ஆய்வுக்கு வருபவர் பார்க்கும்வரை எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். துருப்பிடித்த நான்கு காட்டர் பின்களையும், எந்தச் சக்கரத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, தனித்தனி உறைகளில் போட்டுப் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.