காரில் போன் சார்ஜ்: நம்ம ஊர் வெக்கைக்கு எது தாங்கும்?

போன சித்திரையில் ஒரு நாள், மூன்று மணி வாக்கில் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அந்த ரோட்டில் மேற்கே போனால் வெயில் நேரே முன்கண்ணாடியில்தான் அடிக்கும். கண்ணாடியில் ஒட்டிய வயர்லெஸ் ஸ்டாண்டில் போன் இருந்தது. மேப்பும் ஓடியது, சார்ஜும் ஏறியது. ஆலங்குளம் தாண்டியதும் திரை மங்கியது. பாவூர்சத்திரம் வருவதற்குள் சூடு அதிகமாகி சார்ஜ் நின்றுவிட்டதாகப் போனே சொல்லியது. ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தால் கையில் வைத்திருக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே போனின் பின்மூடி லேசாக எழும்பி நின்றது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது.

அந்த ஒரு நாள் வெயில்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு காரில் சார்ஜ் போடும் ஒவ்வொரு வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வண்டியிலேயே வரும் யுஎஸ்பி துளை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சார்ஜர், வயர்லெஸ் ஸ்டாண்ட், பவர் பேங்க் என்று நான்கு. இப்போது நான் நிற்பது இரண்டாவதில்.

வண்டியோடு வரும் யுஎஸ்பி துளையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பழைய வண்டிகளில் அது பாட்டுக் கேட்கப் பென் டிரைவ் செருகுவதற்காக வைத்தது. 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். மேப் போட்டு, வெயிலுக்காகத் திரை வெளிச்சத்தையும் முழுதாக வைத்தால் போன் தின்பதே கிட்டத்தட்ட அவ்வளவு. தென்காசி போய்ச் சேரும்போது புறப்பட்டபோது இருந்த சார்ஜ்தான் இருக்கும், சில நாள் அதற்கும் கீழே. ஆனால் போன் சூடாவதே இல்லை. புது வண்டிகளில் வரும் டைப்-சி துளை இதைவிட வேகம் என்கிறார்கள். என் வண்டி பழசு, அதை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. வாடகைக் காரில் இந்தத் துளையில் செருகும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். போனில் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளவா என்று வண்டி கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

பன்னிரண்டு வோல்ட்டை 230 ஆக்கி, அதில் வீட்டுச் சார்ஜரைச் செருகும் இன்வெர்ட்டரும் உண்டு. லேப்டாப்புக்கு அது சரி. ஒரு போனுக்காக இரண்டு தடவை மின்சாரத்தை மாற்றுவது வீண்.

வயர்லெஸ்ஸின் வசதியை மறுக்க முடியாது. வைத்தால் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் வந்துவிடும், வயர் தொங்காது. ஆனால் காற்று வழியே ஸ்டாண்டில் உள்ள கம்பிச் சுருளிலிருந்து போனில் உள்ள சுருளுக்குப் போகும்போது மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகத்தான் போகும். அந்தச் சூடும் போனின் முதுகிலேயே, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் போன் ஒரு விரல் அளவு நகர்ந்தாலே இரண்டு சுருளும் நேருக்கு நேர் நிற்காது. அப்போது சார்ஜ் குறையும், சூடு கூடும். அதன் மேல் கண்ணாடி வழியே வெயில் வேறு. மார்கழியில் விடியற்காலை நாகர்கோவில் போனபோது அதே ஸ்டாண்ட் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. குளிர் ஊர்க்காரர்களுக்கு அது நல்ல பொருளாகவே இருக்கும். இங்கே அக்னி நட்சத்திரத்தில் அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

இந்த வெக்கைதான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது. ஐபோன்காரர்கள் சுற்றுச்சூடு 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறார்கள். அணைத்து வைத்திருந்தாலும் 45-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். மே மாதம் நம் ஊரில் நிழலிலேயே 38, 39 அடிக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரம் அதற்குப் போதும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஒரு எதிரி, முழுச் சார்ஜிலேயே நிற்பது இன்னொரு எதிரி. இரண்டும் சேர்ந்தால் அதன் ஆயுசு வேகமாகக் குறையும். அதனால் காரில் எது வேகமாக ஏற்றும் என்பதை விட்டுவிட்டு, எது போனைச் சூடாக்காமல் ஏற்றும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்தால் சாக்கெட் சார்ஜருக்குப் பக்கத்தில் மற்றது வரவில்லை. பன்னிரண்டு வோல்ட்டைக் குறைக்கும் வேலையின் சூடு சார்ஜரிலேயே, கியர் பக்கம் கீழே தங்கிவிடுகிறது. போன் மேலே, ஏசி துவாரத்தில் மாட்டும் கிளிப்பில் இருக்கிறது. குளிர்காற்று அதன் முதுகில் நேராகப் படுகிறது. அதே ரோடு, அதே சித்திரை வெயில், 20 வாட் சார்ஜர். இந்த வருஷம் ஒரு நாள்கூடப் போன் எச்சரிக்கை காட்டவில்லை. சீதபற்பநல்லூர் தாண்டும்போது 40 சதவீதம் இருந்தால் தென்காசியில் 80-ஐ ஒட்டி நிற்கிறது. 80-இல் நிறுத்தும் வசதி என் போனில் இருக்கிறது, அதைப் போட்டே வைத்திருக்கிறேன்.

ஆனால் எல்லாச் சாக்கெட் சார்ஜரும் சரிப்படாது. முதலில் நான் திருநெல்வேலி ஜங்ஷனில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. வண்ணார்பேட்டையில் வண்டி வயரிங் பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தவர், "அண்ணாச்சி, இதுக்கு ஸ்பிரிங்கே நிக்கல. குழியில வண்டி விழுந்து எழும்பும்போதெல்லாம் காண்டாக்ட் விட்டு விட்டுப் பிடிக்கும். அப்பம் பொறி விழும், சூடாகும், உருகும்" என்றார். சாக்கெட்டின் நடுமுனையைத் தொடும் அந்தச் சின்னக் கம்பியும், இரண்டு பக்கமும் பிடிக்கும் தகடும்தான் முக்கியம். வாங்கும்போது நடுக்கம்பியை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக எழும்ப வேண்டும். சாக்கெட்டில் செருகினால் ஆடக் கூடாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். வண்டி ஸ்டார்ட் ஆகும் நொடியில் பேட்டரி வோல்ட்டேஜ் 10 அளவுக்கு இறங்கும். இன்ஜின் பிடித்ததும், அதன் ஓட்டத்தில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 14 வரை ஏற்றும். நல்ல சார்ஜர் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 12 முதல் 24 வோல்ட் வரை என்று போட்டிருப்பது லாரிக்கும் ஆகும். மட்டமானதில் அந்தத் தடுப்பு எவ்வளவு இருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே வயரைச் செருகுகிறேன், அணைப்பதற்கு முன் எடுத்துவிடுகிறேன். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். நாள் கணக்கில் நிற்கும் வண்டி என்றால் சார்ஜரையே கழற்றிவிடுவது நல்லது, பேட்டரி பழசாக இருந்தால் கட்டாயம்.

காலியான சாக்கெட்டை மூடி வையுங்கள். என் தங்கச்சி மகன் அதில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டுவிட்டான். டப்பென்று பியூஸ் போனது. பியூஸ் போனதே நல்லது, இல்லாவிட்டால் வயரிங் கருகியிருக்கும். மாற்றும்போது 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 10-தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் போல ஆபத்து வேறில்லை.

இப்போது இருப்பது 749 ரூபாய்க்கு வாங்கியது. ஒரு டைப்-சி துளை, ஒரு பழைய யுஎஸ்பி துளை. 65 வாட், 80 வாட் போன் வைத்திருப்பவர்கள் காரிலும் அந்த வேகம் வரும் என்று எண்ண வேண்டாம். அவை பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிச் சார்ஜரோடு மட்டுமே அவ்வளவு வேகம் பேசும். மற்றதில் நிதானமாகத்தான் ஏறும். வெயில் காலத்தில் அந்த நிதானம் போனுக்கு நல்லது. வயரும் ஒரு மீட்டர் போதும். நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் குறையும். வெயிலில் கிடந்து உறை விறைத்து வெடித்த வயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள்.

ஏசி கிளிப்பில் ஒரு குறை உண்டு. கனமான போன் என்றால் துவாரத்தின் பிளாஸ்டிக் தகடு தளர்கிறது. என் வண்டியில் ஒன்று ஏற்கெனவே லொடலொடக்கிறது, இன்னும் எத்தனை மாதம் தாங்குமோ. ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த முறையின் லாபம் பாதிதான். மேப் பார்க்க மட்டும் போனை மாட்டலாம், அதுவும் கவனம் சிதறாமல். கையில் பிடித்துப் பேசினால் அபராதம். 2020-இல் திருத்திய விதியே அப்படித்தான் சொல்கிறது.

பவர் பேங்க்கைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது காரில் இருக்க வேண்டிய பொருளே இல்லை என்பதுதான். ஓடும்போது அதனால் தொல்லை இல்லை. டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு மறந்து, வெயிலில் வண்டியைப் பூட்டிவிட்டுப் போவதுதான் பயம். போனைவிடப் பெரிய லித்தியம் பேட்டரி அது, சூட்டைப் பார்த்துத் திரையில் சொல்லவும் அதற்கு வழியில்லை. ஆனால் மாஞ்சோலை ஏறும்போது, காரையாறு பக்கம் போகும்போது டவர் கிடைக்காமல் போன் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். இறங்கி நடக்கும் இடத்தில் கார் சார்ஜர் உதவாது. அதற்காக பிஐஎஸ் என்ற இந்தியத் தர முத்திரை உள்ள 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று என் மனைவியின் கைப்பையில் இருக்கிறது. குற்றால சீசனில் அருவிக்கரையில் வண்டியை நிறுத்தினால், துண்டும் சோப்பும் எடுக்கிறாளோ இல்லையோ, அந்தப் பை அவளோடு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.