மூட்டைப்பூச்சி: வெயிலா, கொதிநீரா, மருந்தா?

கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று தெரிந்ததும் பலரும் முதலில் வாங்குவது ஸ்ப்ரே. என் வரிசையில் அது கடைசி. எந்த வழியாக இருந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முட்டை சாகுமா? ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகள் மர இடுக்கிலும் மெத்தையின் தையல் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும்.

மெத்தையை மொட்டைமாடியில் வெயிலில் போடுவதற்குச் செலவில்லை. பலனும் குறைவு. மேல்துணி கொதிக்கும், உள்ளே பஞ்சு அவ்வளவு சூடாகாது. பூச்சி அடிப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும். 48 டிகிரி சூடு ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால்தான் முட்டை சாகும்.

கொதிநீர் அப்படியில்லை, பட்ட இடத்தில் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே சாகும். இரும்புக் கட்டிலுக்கும் கெட்டி மரக் கட்டிலுக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. கட்டிலைக் கழற்றி, போல்ட் துளை, சட்டம் சேரும் மூலை என்று ஒவ்வொன்றிலும் ஊற்ற வேண்டும். பிளைவுட் கட்டில் என்றால் வேண்டாம், உப்பிவிடும். மெத்தைக்கும் பிளைவுட்டுக்கும் நீராவிக் கருவி நல்லது. ஆனால் அவசரப்படக் கூடாது. தையல் ஓரமாக மெல்ல நகர்த்தினால்தான் சூடு உள்ளே இறங்கும். கூர்முனையை மாட்டினால் ஆவியின் வேகத்தில் பூச்சி தெறித்து ஓடும். அகலமான முனையே சரி. போர்வை, தலையணை உறைகளை வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் துவைத்தால் போதும்.

சரி, ஸ்ப்ரேயில் என்ன குறை? கடை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சி அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. முட்டை பெரும்பாலும் தப்பிவிடும், பூச்சி சிதறிப் பக்கத்து அறைக்கும் போகும். மருந்து அடித்த மெத்தைமேல்தான் குழந்தையும் தூங்க வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மருந்து அடிக்கும் ஆட்களை அழைப்பது செலவுதான். ஆனால் சுவிட்ச் போர்டு, சுவர் வெடிப்பு, பீரோவின் பின்பக்கம் என்று வெந்நீர் போகாத இடங்களுக்கு அவர்கள்தான் சரி. பொரிந்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க இரண்டு வாரம் கழித்து மறுபடி வருவார்களா என்று பணம் பேசும்போதே கேளுங்கள். ஒருமுறைதான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது வீட்டுக்குள் வைக்க வந்தால் விடாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும், பக்கத்து வீட்டாரையும் சேர்த்து.

ஒரே அறையில், ஒரே கட்டிலில் என்றால் வெந்நீரும் ஆவியுமே போதும். பத்து நாள் கழித்து அதையே இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு மூன்று அறைக்குப் பரவிவிட்டால் சூட்டோடு ஆட்களும் வேண்டும். அறையைப் பூட்டிப் பட்டினி போடலாம் என்பார்கள். வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் இரத்தமின்றித் தாங்கும்.

மெத்தையையே தூக்கிப்போடுவது நன்றாகக் கிழிந்த பழைய மெத்தைக்கு மட்டும் பொருந்தும். போடுவதானால் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, 'மூட்டைப்பூச்சி' என்று பெரிதாக எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நல்ல மெத்தை என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.